டாக்டருடன் தோட்டத்து வீடுகளுக்கு: செமிலிங், மெர்போக், கரங்கான்

குழந்தை மருத்துவம் படிக்கும் இரண்டு இளம் டாக்டர்கள் போன மாதம் எனக்கு எழுதியிருந்தார்கள். மலேசியாவின் கெடா மாநிலத்தில் எஞ்சியிருக்கும் தோட்டங்களுக்குப் போய், பிள்ளைகளை அடித்து வளர்ப்பது பற்றிப் பெற்றோரிடம் பேசப் போகிறார்களாம். "நீங்கள்தான் கெடா ஊர்களைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறீர்களே, எப்படிப் போவது, போய் என்ன செய்வது என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார்கள். வழி சொல்வது பெரிய காரியமில்லை. ஆனால் இதே வேலைக்காக 1984 ஜூலையில் நானே மூன்று நாள் சுற்றியிருக்கிறேன். அதை முழுதாக எழுதிவிட்டால் வழியும் சொன்னதாகும், மற்றதும் சொன்னதாகும்.

அப்போது நான் சுங்கைப்பட்டாணியில் ஒரு குழந்தை மருத்துவரின் கிளினிக்கில் தாதியாக இருந்தேன். வருகிறவர்கள் என்னை 'மிஸி' என்பார்கள். டாக்டரின் பெயர் இயோ. பினாங்கில் பிறந்த சீனப் பெண்மணி, நாற்பத்தைந்து வயது இருக்கும். மலாய் சரளமாகப் பேசுவார். தமிழில் 'வாய் திற', 'அழாதே', 'சளி இருக்கா' ஆகிய மூன்றும் தெரியும். மீதித் தமிழுக்கு நான். பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் தோட்டத்துப் பேச்சு எனக்குப் பழக்கம்.

காய்ச்சல், இருமலுக்கு வரும் தாய்மார்களிடம் டாக்டர் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்க ஆரம்பித்திருந்தார். முதலில் "பிள்ளையை அடிப்பீர்களா?" என்று கேட்டோம். எல்லாரும் இல்லை என்றார்கள். கையில் ரோத்தான் பிரம்பின் தழும்போடு நிற்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இல்லை என்றார்கள். அது பொய்யில்லை என்பது டாக்டருக்குச் சில வாரங்களில் புரிந்தது. அவர்கள் கணக்கில் அது அடி இல்லை, கண்டிப்பு. அதனால் கேள்வியை மாற்றினார்: "பிள்ளை சொன்ன பேச்சு கேக்கலன்னா வீட்டில என்ன செய்வீங்க?" இதற்குக் கதவு திறந்த மாதிரி பதில் வந்தது. ரோத்தான், முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, வாயில் மிளகாய் தேய்ப்பது. ஒளிக்காமல் சொன்னார்கள். டாக்டர் திட்டாமல் கேட்டுக்கொள்வார். பிறகு இரண்டு மூன்று வார்த்தை சொல்வார்: தலையில் அடிக்காதீர்கள், சின்னப் பிள்ளையைப் பிடித்துக் குலுக்காதீர்கள், கோபம் வந்தால் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு நீங்கள் வெளியே போய் நில்லுங்கள்.

இந்த வார்த்தைகள் வீடு வரைக்கும் போகின்றனவா, கிளினிக் வாசலிலேயே நின்றுவிடுகின்றனவா? அதைப் பார்க்கத்தான் பயணம். நாங்கள் வீட்டுக்கு வரச் சம்மதித்த குடும்பங்களில் மூன்றைத் தேர்ந்துகொண்டோம். கிளினிக்கைத் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் மூடினோம். கெடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று போனால் எல்லாரும் வீட்டில் உடுத்திக்கொண்டு காத்திருப்பார்கள். எங்களுக்கு வேலை நாள்தான் வேண்டியிருந்தது.

மூன்றாவது குடும்பத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கரங்கான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். மணியம், அவர் மனைவி பாக்கியம், இருவரும் பால் வெட்டுகிறவர்கள். அவர்களுடைய இரண்டரை வயது மகன் முரளியைச் சளிக்காக மூன்று முறை எங்களிடம் கொண்டுவந்தார்கள். மூன்று முறையும் மேற்கையிலும் தொடையிலும் நீலத் தடங்கள். மூன்றாவது முறை டாக்டர் மணியத்தைத் தனியாக அழைத்து, என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, இன்னொரு தடம் பார்த்தால் சமூகநல இலாகாவுக்குச் சொல்ல வேண்டி வரும் என்றார். சொன்னால் அவர்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகவும் கூடும். மணியம் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் தொடலை" என்றார். அப்படிச் சொல்லும் தகப்பன்மார்களை நாங்கள் நிறையப் பார்த்திருந்தோம். இலாகாவுக்கு எழுதுவதா வேண்டாமா என்று வீட்டைப் பார்த்த பிறகு முடிவு செய்வதாக டாக்டர் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு டாக்டரின் வெள்ளை டாட்சன் காரில் கிளம்பினோம். பத்து வெள்ளிக்குப் பெட்ரோல். பீடோங்கில் பசியாறினோம். ரொட்டி சானாய் ஒன்று முப்பது காசு, தே தாரிக் நாற்பது காசு. பீடோங்கில் இடது பக்கம் திரும்பினால் செமிலிங் சாலை. ஜெராய் மலை வலப்புறம் கூடவே வரும். மழை நாளில் மலையின் பாதி மேகத்துக்குள் போய்விடும், அன்று உச்சி வரைக்கும் தெரிந்தது. சாலை அப்போது ஒரே தடம். எதிரில் லோரி வந்தால் ஒரு சக்கரத்தைப் புல்லில் இறக்க வேண்டும்.

செமிலிங்கில் முதல் குடும்பம், ஜோசப் அண்ணன் வீடு. மரம் அறுக்கும் ஆலையில் வேலை, அந்த வாரம் மாலை ஷிப்டு. வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில் ரோத்தான் தொங்கியது. டாக்டர் அதைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"இருக்கு டாக்டர், எடுக்கிறதில்ல" என்றார். "கோபம் வந்தா வெளிய போய் நில்லுங்கன்னு சொன்னீங்க. போய் நின்னேன்லா. பின்னாலேயே பையனும் வந்துட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. நான் ஒண்ணும் பேசல, அவனும் பேசல. ரெண்டு பேரும் கோழி மேயுறதப் பாத்துக்கிட்டு நின்னோம். எதுக்குக் கோபப்பட்டேன்னே மறந்துபோச்சு."

அவர் மனைவி உள்ளிருந்து, "எனக்கு மறக்கல. ரேடியோவ ஒடச்சான்" என்றார். டாக்டருக்கு நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஆற்றோரக் கடையில் மத்தியானச் சாப்பாடு, மீன் கறியோடு இருவருக்கும் ஐந்து வெள்ளி. மூன்று மணிக்கு வீடு திரும்பியாயிற்று.

செவ்வாய்க்கிழமை மெர்போக். செமிலிங்கைத் தாண்டி இன்னும் சில கட்டை, அதாவது மைல், தூரம். இப்போது மெர்போக்குக்குப் போகிறவர்கள் பழங்காலக் கோயில்களின் அடித்தளங்களைப் பார்க்கப் போகிறார்கள். நல்லது, பார்க்க வேண்டியவைதான். நாங்கள் போன வீடு அதற்கு எதிர்ப்பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில். வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். கிளினிக்கில் டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர். அவர் வீட்டில் அவர் வேறு ஆள்.

"காய்ச்சலுக்கு மருந்து குடுங்க, வாங்கிக்கிறேன். என் பிள்ளைய எப்படி வளக்கிறதுன்னு நான் கேக்கலியே" என்றார். வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

டாக்டர், "சரி" என்றார். மகளின் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். குறைந்துவிட்டதாம். விடைபெற்றுக்கொண்டோம். மெர்போக்கில் நாங்கள் செலவழித்தது மொத்தம் கால் மணி நேரம். திரும்பும்போது டாக்டர், "என் அறையில் தலையாட்டினார். தன் வாசலில் உண்மையைச் சொன்னார். வாசல்தான் மேல்" என்றார். அவர் கோபப்பட்டதாகவோ வருத்தப்பட்டதாகவோ எனக்குத் தெரியவில்லை. அவர் பொதுவாகவே அப்படித்தான்.

புதன்கிழமை கரங்கான். இது நீண்ட பயணம். தெற்கே பாடாங் செராய் வழியாகக் கூலிம் போய், அங்கிருந்து கிழக்கே ஏற வேண்டும். காரின் மீட்டரில் ஐம்பத்தாறு கிலோமீட்டர் காட்டியது. டுரியான் பருவம் என்பதால் கூலிம் தாண்டியதிலிருந்து சாலையோரம் முழுக்கக் குவியல். காருக்குள் வாசனை நுழைந்துவிட்டால் ஒரு வாரம் போகாது என்று டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். கரங்கான் ஊர் சின்னது: இரண்டு வரிசைக் கடைகள், ஒரு காப்பிக்கடை, ஒரு பஸ் நிற்கும் இடம். தோட்டம் அங்கிருந்து நாலு கட்டை, செம்மண் சாலை. முதலில் தோட்ட ஆபீசுக்குப் போய்த் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியிடம் சொன்னோம். அவர் ஆள் அனுப்பவா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டோம். கூட ஆபீஸ் ஆள் வந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பத்து மணி ஆகியிருந்தது. பெரியவர்கள் எல்லாரும் ரப்பர்க் காட்டில் இருந்ததால் லயத்து வரிசை வீடுகள் காலியாக இருந்தன. மணியம் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பில் உலை கொதிக்க, ஒரு சிறுமி முரளியை இடுப்பில் வைத்துக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒன்பது வயது. மூத்தவள், பெயர் சாந்தி. அவளை நாங்கள் கிளினிக்கில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்ததில்லை போலிருக்கிறது.

"அம்மா எங்க பாப்பா?" என்று கேட்டேன்.

"வெட்டுக்குப் போயிருக்காங்க."

"நீ பள்ளிக்கூடம் போகலியா?"

"தம்பியப் பாத்துக்கணும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே முரளி இடுப்பிலிருந்து நழுவப் பார்த்தான். அவள் விடாததால் அவள் தோளைக் கடித்தான். அவள் கத்தவில்லை. அவனைக் கீழே இறக்கி, மேற்கையைப் பிடித்து உலுக்கி, தொடையில் இரண்டு வைத்தாள். கோழியை விரட்டுவது போல, முகத்தில் கோபமே இல்லாமல். அவன் வாயைத் திறந்ததும் மறுபடி தூக்கி, அவன் முகத்தைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள். அழுகை வெளியே கேட்கவில்லை.

டாக்டர் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். அந்தப் பெண்ணையும் உட்காரச் சொன்னார். கைப்பையில் எப்போதும் பிஸ்கட் வைத்திருப்பார், அதை இருவருக்கும் கொடுத்தார். பிறகு மலாயில் மெதுவாகக் கேட்டார், நான் தமிழில் கேட்டேன்.

"தம்பி அழுதா என்ன ஆகும்?"

"பக்கத்து வீட்டு அக்கா அம்மாகிட்ட சொல்லிருவாங்க. நாள் பூரா பிள்ள கத்துச்சுன்னு."

"சொன்னா?"

"அம்மா என்னை அடிப்பாங்க."

"அதனால?"

அவள் யோசித்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை என்பது தெரிந்தது. "அதனால அழாம இருக்க அடிப்பேன்" என்றாள். "மொதல்ல அழுவான். அப்புறம் நிறுத்திருவான்."

"அப்பா அடிப்பாரா?"

"அப்பா சத்தம் போடுவாரு. அடிக்க மாட்டாரு."

இதை நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் சாந்தியின் கையை எடுத்து, முரளியின் மேற்கையில் பழைய தடம் இருந்த இடத்துக்கு மேலே, தொடாமல் பிடித்துப் பார்த்தார். விரலுக்கு விரல் பொருந்தியது. "சின்னத் தடம் என்று பார்த்தேன்" என்றார் என்னிடம் ஆங்கிலத்தில். "பார்த்துவிட்டு, பிள்ளை சின்னது, அதனால் தடமும் சின்னது என்று நினைத்துவிட்டேன்."

தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். அங்கே ஏன் முரளியை விடவில்லை என்று கேட்டோம். "கடிக்கிறான்னு ஆயா வேணான்னுட்டாங்க" என்றாள் சாந்தி. அன்றிலிருந்துதான் அவள் பள்ளிக்கூடம் நின்றது.

அடுப்பை அணைத்துவிட்டு நால்வரும் கொட்டகைக்கு நடந்தோம். ஆயா பெயர் அஞ்சலை. ஐந்து தூளிகள், தரையில் தவழ்கிறதும் ஓடுகிறதுமாக இருபது பிள்ளைகள். முரளியைப் பார்த்ததும் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"டாக்டரம்மா, எனக்குப் பிள்ள மேல வெறுப்பு இல்ல. ஆனா இவன் கடிச்சா அந்தப் பிள்ளயோட அம்மா வந்து என்னைக் கேக்கிறா. நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"நியாயம்" என்றார் டாக்டர். "நான் கொஞ்ச நேரம் இங்கே இருக்கலாமா?"

அந்த இரண்டு மணி நேரமும் டாக்டர் கொட்டகையின் பாயில்தான் இருந்தார். முரளி எப்போது கடிக்கிறான் என்று பார்த்தார். அவன் சும்மா கடிக்கவில்லை. கையில் இருப்பதை இன்னொரு பிள்ளை பிடுங்கும்போது கடித்தான். தன்னைச் சுற்றி மூன்று நான்கு பேர் நெருங்கும்போது கடித்தான். அவனுக்குப் பேச்சு இன்னும் வரவில்லை. இரண்டாம் முறை அவன் ஒரு டின் மூடிக்காக வாயைத் திறந்தபோது டாக்டர் அவன் தாடையில் விரலை வைத்து நிறுத்தி, முகத்துக்கு நேராகத் தமிழில் "வேணாம்" என்றார். அன்று காலைதான் என்னிடம் கற்றுக்கொண்ட வார்த்தை. ஈரத்துணி ஒன்றை முறுக்கிக் கையில் கொடுத்தார். அதைக் கடித்துக்கொண்டு போனான். அழுத மற்றப் பிள்ளையை முதலில் மடியில் எடுத்துக்கொண்டார். கடித்தவனைச் சுற்றிக் கூட்டம் கூடக் கூடாதாம்.

அஞ்சலை ஆயா கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க ஒரு பிள்ளயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. எனக்கு இருபது இருக்கே."

"சூசா லா, தெரியும்" என்றார் டாக்டர். கஷ்டம்தான் என்று ஒப்புக்கொண்டதே ஆயாவைக் கொஞ்சம் இளக்கியது. கடைசியில், "ஒரு மாசம் வச்சுப் பாக்கிறேன். தூளி பக்கத்துல தனியா உக்கார வைக்கிறேன். ஒரு பிள்ளைக்கு ரத்தம் வந்துச்சுன்னா திருப்பி விட்டுருவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். அதற்கு மேல் கேட்பது சரியில்லை என்று டாக்டர் நிறுத்திக்கொண்டார்.

இனித்தான் கடினமான பகுதி. லயத்துக்குத் திரும்பி நடக்கும்போது டாக்டர் சொன்னார்: "நான் இதை எப்படிச் சொன்னாலும் இந்தப் பெண் இன்றைக்கு அடி வாங்குவாள். அது நடக்காமல் சொல்ல வேண்டும்." சாந்தி எங்களுக்கு முன்னால் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் நடையை மெதுவாக்கிக்கொண்டே வந்தாள். அவளுடைய பயம் எனக்குத் தொற்றிக்கொண்டது. பேசாமல் ஒரு மாத்திரைச் சீட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை.

வெட்டிய பாலை எடை போட்டுவிட்டு ஒரு மணிக்கு மேல் மணியமும் பாக்கியமும் வந்தார்கள். வாசலில் எங்களைப் பார்த்ததும் பாக்கியத்தின் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளையை எடுத்துப் போகத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். டாக்டர் எழுந்து நேராக மணியத்திடம் பேசினார்.

"அன்று நீங்கள் தொடவில்லை என்று சொன்னீர்கள். நான் நம்பவில்லை. நீங்கள் சொன்னது உண்மை. என்னை மன்னிக்க வேண்டும்."

நான் தமிழில் சொன்னேன். மணியம் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "டீ குடிக்கிறீங்களா டாக்டர்?" என்றார்.

பாக்கியம்தான் அடுத்ததைக் கேட்டார். "அப்ப யாரு?"

பாக்கியத்தின் கண் சாந்தி பக்கம் போனது. சாந்தி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவ்வளவுதான், யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏண்டி, நீயா? உன்ன நம்பித்தானே விட்டுட்டுப் போறேன்..." கை தானாகவே மேலே போனது. கூரைச் சட்டத்தில் ரோத்தான் செருகியிருந்தது. மணியம் உயரமானவர், அவர் கை முதலில் போய்விட்டது. எடுத்துக்கொண்டார். எடுத்த பிறகு அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "அம்மா, அவன் அழுதால் நீங்கள் இவளை அடிக்கிறீர்கள். அடி விழக் கூடாது என்று இவள் அவனை அடிக்கிறாள். அவன் கொட்டகையில் மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிறான். இன்று இவளை அடித்தால் நாளைக் காலை யாருக்கு விழும், நீங்களே சொல்லுங்கள்."

பாக்கியம் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் நாலு மணிக்கு எந்திரிக்கிறேன் மிஸி" என்றார் என்னிடம், டாக்டரிடம் இல்லை. "அஞ்சரைக்குப் பெரட்டு, பேர் கூப்பிடுவாங்க. மர நிரையில நிக்கும்போதெல்லாம் அடுப்பு நெனப்புத்தான். பிள்ள அடுப்புல விழுந்துட்டானோ, கிணத்துக்கிட்டப் போயிட்டானோ. வீட்டுக்குள்ள கால வைக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரி பிள்ள கத்துச்சுன்றா. எனக்கு யாரு இருக்கா? என்னை யாரும் ஒண்ணும் கேக்கலியே."

"இப்போது கேட்கிறேன்" என்றார் டாக்டர்.

பாக்கியம் பேசினார். நெடுநேரம் பேசினார். டாக்டர் இடையில் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. நான் மொழிபெயர்ப்பதைக்கூடப் பாதியில் கைகாட்டி நிறுத்திவிட்டார், பேச்சு அறுந்துவிடக் கூடாது என்று. மணியம் இவ்வளவு நேரமும் ரோத்தானைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பாக்கியம் ஓய்ந்த பிறகுதான் ஆயா ஒத்துக்கொண்டதைச் சொன்னோம். சாந்தி பள்ளிக்குத் திரும்பலாம் என்றோம். டாக்டர் ஒரே ஒரு யோசனை சொன்னார்: வேலை முடிந்து வந்ததும் யாரும் பாக்கியத்திடம் புகார் சொல்லக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரியும்தான். குளித்து, சாப்பிட்ட பிறகு சொல்லட்டும். "அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார் மணியம்.

நான் கைப்பையை எடுத்தேன். டாக்டர் தலையசைத்து, இரு என்றார். பாக்கியம் எழுந்து, மகள் பாதியில் விட்ட சோற்றை ஆக்கினார். சார்டின் டின் ஒன்றை உடைத்துக் குழம்பு வைத்தார். எங்களுக்கும் தட்டு வைத்தார். சாந்தி அடுப்பங்கரை மூலையிலிருந்து வரவில்லை. பாக்கியம் கூப்பிடவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டில் சோறு போட்டு, மீனின் நடுமுள்ளை எடுத்துவிட்டு, கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தார். சாந்தி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். நாங்கள் காரில் ஏறும்போது மூன்றரை மணி.

சமூகநல இலாகாவுக்கு டாக்டர் எழுதவில்லை. அடுத்த வாரம் கிளினிக்குக்கு ஆள் மூலம் செய்தி வந்தது: சாந்தியைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் ஒரு வகுப்பு கீழே. முரளி ஆயாக் கொட்டகையில் முதல் மாதத்தில் ஒரு முறை கடித்தான், ரத்தம் வரவில்லை, ஆயா வைத்துக்கொண்டார். பாக்கியம் அவனை எங்களிடம் கொண்டுவருவது தொடர்ந்தது. தடங்கள் போயின. ஒரு முறை மட்டும், மறுவருடம், தொடையில் ஒன்று இருந்தது. டாக்டர் கேட்பதற்குள் பாக்கியமே, "அது நான்தான் டாக்டர். அன்னிக்கு முடியல" என்றார். முன்பெல்லாம் தானாக இதைச் சொல்லியிருக்க மாட்டார். டாக்டர் அவரோடு அரை மணி நேரம் பேசினார். வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள், முணுமுணுத்தார்கள். 1987-இல் அந்தக் குடும்பம் பினாங்குப் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.

அந்த மூன்று நாளுக்குப் பிறகு கிளினிக்கில் இன்னொரு கேள்வி சேர்ந்தது: "காலையில பிள்ளைய யாரு பாத்துக்கிறா?" பல வீடுகளில் அதற்குப் பதிலாக வந்தது இன்னொரு பிள்ளையின் பெயர். அப்படி வந்தால் டாக்டர், அடுத்த முறை அந்தப் பிள்ளையையும் அழைத்து வரச் சொல்வார். நோய் இல்லாவிட்டாலும் சரி, பீஸ் கிடையாது. வந்த பிள்ளைகளில் சிலர், தங்களை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று புரியாமல் ஊசிக்குப் பயந்து அழுததும் உண்டு.

எழுதிக் கேட்ட இரண்டு பேருக்கும், இனிப் போகப் போகிறவர்களுக்கும். சாலைகள் இப்போது நன்றாக இருக்கின்றன. நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் செமிலிங், மெர்போக்குக்குச் சுங்கைப்பட்டாணியில் இறங்கி வடக்கே போகலாம். கரங்கானுக்குக் கூலிம் வழி. மூன்றையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், ஆனால் அவர்கள் ஆளைக் கூட்டிப் போகாதீர்கள். பெற்றோர் வேலையில் இருக்கும்போது ஒருமுறை பாருங்கள், அவர்கள் திரும்பி வரும் நேரத்திலும் இருங்கள். அந்த இரண்டு நேரத்திலும் ஒரே வீடு இரண்டு வீடாக இருக்கும். மொழிபெயர்க்க ஆள் வைத்திருந்தால், எப்போது மொழிபெயர்க்கக் கூடாது என்பதையும் முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது வாசலிலேயே நிறுத்தினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு உடனே புறப்படாதீர்கள். நீங்கள் சொன்னதன் கோபம் நீங்கள் போன பிறகு யார் மேலாவது இறங்கும், பெரும்பாலும் அந்த வீட்டிலேயே சின்ன ஆளின் மேல். அது அடங்கும் வரைக்கும், எல்லாரும் ஒரு வாய் சாப்பிடும் வரைக்கும், உட்கார்ந்திருங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் கரங்கானில் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் இன்னும் யாரும் சாப்பிட உட்காரவில்லை என்றால், பஸ் போகட்டும், விட்டுவிடுங்கள்.